பாட்டி யார்?

விரிஞ்சிபுரத்துக்கு மதிலழகு என்பார்கள். அம்மதிலின் நிழலில் பிள்ளைகட்குத் தமிழ் சொல்லித் தருகிறோம். மாலையில் மன்றத்தில் பகுத்தறிவும் பேசுகிறோம். அத்தகைய நாம் தூது போன கதையைக் கேளுங்கள்.

உடன்படித்த தோழி ஒருத்தி. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவு. உடன் உழைக்கும் பெண்ணொருத்தியோடு நான்காண்டுகளாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. "அவளோடுதான் என் வாழ்வு" என்று வீட்டில் சொல்லிவிட்டாள். தாய் நம்மிடம் ஓடிவந்தார்: "நீ டீச்சரு, நீ சொன்னா கேப்பா. ஒரு மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வை."

பூசாரியை நாடாமல் ஆசிரியையை நாடினாரே என்று மகிழ்ந்தோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்! பேருந்திலேயே சொற்பொழிவு தயாராகிவிட்டது: இயற்கை, குடும்பம், ஊர்ப்பேச்சு, எதிர்காலம்.

தோழி தேநீர் தந்தாள். முழுதும் பேசவிட்டாள். பிறகு கேட்டாள்: "உன் பாட்டிக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு?"

1961. பள்ளி நாளில் நாம் நூறுமுறை பீற்றிக்கொண்ட கதை. புரோகிதரில்லை, ஓமப்புகையில்லை, மேடை, மாலை, வாழ்த்துரை.

"சட்டம் எப்ப வந்துச்சு?"

1967. அண்ணா முதலமைச்சரான ஆண்டு.

"நடுவுல ஆறு வருசம் உன் பாட்டி யாரு?"

நா எழவில்லை. சுயமரியாதைத் திருமணம் செல்லாதென்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர் நடந்த மணமல்லவா அது! சட்டத்தின் ஏட்டில் பாட்டி மனைவியல்லர். அவ்வாண்டுகளில் பிறந்த பெரியப்பா முறையான மகனல்லர். ஊர் ஏசிய ஏச்சைப் பாட்டியே சொல்லக் கேட்டிருக்கிறோம். அதே ஏச்சைத்தான், பட்டம் பெற்ற நாவால் மெருகேற்றி, ஆம்பூருக்குச் சுமந்து சென்றிருந்தோம்.

இன்று சட்டம் எங்கே நிற்கிறது? ஒருபாலுறவு குற்றமன்று என்றது உச்சநீதிமன்றம், 2018-இல். 2023 அக்டோபர் 17-இல் திருமணம் அடிப்படை உரிமையன்று என ஐந்து நீதிபதிகளும் கூறினர். பொறுப்பைச் சட்டமியற்றும் மன்றங்களின் தலையில் வைத்தனர். மறுஆய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளுபடியாயின.

அதே ஆண்டு மே 22-இல் நம் வேலூர் மாவட்டத்து வழக்கொன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் தீர்ந்தது. மகளைப் பிடித்து வைத்து, அடித்து, 'சரியாக்க'ச் சடங்குகளும் செய்தார்களாம்! நீதிமன்றத்தில் அப்பெண்ணே சொன்னாள். காதலுக்கும் சடங்கு வைத்தியம்! மணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்று கூறி, அவள் விரும்பிய பெண்ணோடு செல்ல விட்டனர் நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும். காவலர்களின் மெத்தனத்தையும் கண்டித்தனர்.

வீடு திரும்பலாம். ஆனால் தோழியின் ஈ.எஸ்.ஐ. அட்டையில் குடும்பத்தார் வரிசையில் அவள் துணைக்கு இடமில்லை. மாலையும் மோதிரமும் போதுமென்ற 1967-ஆம் ஆண்டுச் சட்டமும் 'கணவன்', 'மனைவி' என்னும் சொற்களில் நின்றுவிடுகிறது. பாட்டிக்காகத் திருத்திய சட்டமன்றம் இவர்களுக்காக ஏன் வாய் திறக்கலாகாது?

ஊர் திரும்பி, புத்தி சொல்ல இயலவில்லை என்றோம். அன்று முதல் அந்தத் தாய் பேசுவதில்லை. நம்மைக் கண்டால் உள்ளே போய்விடுகிறார். பள்ளிக்குப் போகும் வழியில்தான் அவர் வீடு.