மாத்தளை வண்டிக்கு ஏற்ற மாதம்

மலைநாட்டைக் காண விரும்புவோர் எங்கே போவது என்பதைப் பற்றி நெடுநேரம் ஆலோசிக்கின்றனர். எப்போது போவது என்பதைப் பற்றி ஆலோசிப்பவர் சிலரே. விடுமுறை கிடைத்த நாளே நல்ல நாள் என்று மூட்டை கட்டிவிடுகின்றோம். மலையோ நமது நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. பாதையும் ஒன்றே, வண்டியும் ஒன்றே; எனினும், மாசியிற் போனவன் அதன் அழகை ஆண்டு முழுதும் சொல்லிக்கொண்டிருப்பான்; கார்த்திகையிற் போனவன் யன்னலை மூடிக்கொண்டு குளிரில் நடுங்கியதையே சொல்வான். ஆகையால், கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையை எடுத்துக்கொண்டு, அதிற் பயணஞ் செய்வதற்கு ஏற்ற பருவம் எது என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

மலைநாட்டுப் புகையிரதம் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது பதுளைப் பாதையே. ஒன்பது வளைவுப் பாலத்தின் படத்தைக் காணாதவர் இன்று எவருமில்லை. மாத்தளைப் பாதைக்கு அத்தகைய விளம்பரம் வாய்க்கவில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 ஆம் ஆண்டிற் புகையிரதம் வந்தது. அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 17 மைல் தூரத்துக்குப் பாதை நீட்டப்பெற்று, 1880 ஆம் ஆண்டில் மாத்தளை நிலையம் திறக்கப்பட்டது. அதற்கப்பால் இருப்புப்பாதை இல்லை. வண்டி அவசரப்படாது, இச்சிறு தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இயற்கையைக் காணப் புறப்பட்டவனுக்கு இம்மெதுவான நடை ஒரு குறையன்று.

கண்டி நகரை விட்டதும் பாதை மகாவலி கங்கையை நோக்கி இறங்கி, கட்டுகஸ்தோட்டையிலே ஆற்றைக் கடக்கின்றது. பின்னர் குன்றுகளின் விலாப்புறத்தைப் பற்றிக்கொண்டு வளைந்து வளைந்து வத்துகாமத்தை அடைகின்றது. கிழக்கே தெரிவது தும்பறை மலைத்தொடர். மடக்கிய கையின் விரல் மூட்டுகளைப் போலச் சிகரங்கள் வரிசையாய் நிற்பதைக் கண்ட ஆங்கிலேயர், அதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த சிகரங்களை உடைய அம்மலைக்காடு, 2010 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வத்துகாமத்துக்கு அப்பால் வண்டி மாத்தளைப் பள்ளத்தாக்கினுள் இறங்குகின்றது. உக்குவளைப் பக்கத்தில் மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், கொக்கோவும், கராம்பும், சாதிக்காயும் யன்னலை உரசுமளவுக்கு நெருங்கி வருகின்றன. ஏறக்குறைய 1,200 அடி உயரத்தில் உள்ள மாத்தளையில் வண்டி நிற்கும்போது, குளிர்நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

கொழும்பிலிருந்து வருவோர்க்கு இன்னொரு காட்சியும் உண்டு. றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை வண்டி ஏறும் பாதை, 45 அடிக்கு ஓர் அடி வீதம் உயர்வது. ஒருபுறம் செங்குத்தான பாறை. மறுபுறம் அடிகாணாப் பள்ளம். தூரத்தே விவிலிய நூலைத் திறந்து வைத்தாற் போன்ற பத்தலேகலைக் குன்று. ஏறும்போது வலப்பக்கத்து யன்னலைப் பிடித்துக்கொள்பவர் பாக்கியசாலி.

இனிப் பருவத்துக்கு வருவோம். இலங்கையின் மழையை இரண்டு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம் மேற்குச் சரிவுகளை நனைக்கின்றது. மார்கழி முதல் மாசி வரை வீசும் வாடை கிழக்குக்கும் வடக்குக்கும் மழை தருகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் காலையில் வெயிலும் பிற்பகலில் இடிமழையும் வழக்கம். மாத்தளை இவ்விரு காற்றுகளின் எல்லையில் அமைந்த மாவட்டம். சோளகம் கொண்டுவரும் மேகத்தின் பெரும்பகுதி அதற்குத் தெற்கேயும் மேற்கேயும் உள்ள மலைகளிற் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. ஆகவே மாத்தளையின் பெருமழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வதாகும்.

இதனால் விளையும் வேடிக்கை ஒன்றுண்டு. ஆனி, ஆடி மாதங்களிற் கொழும்பிலிருந்து புறப்பட்டவன் கடுகண்ணாவை ஏற்றத்திலே மழைக்குள்ளும் மூடுபனிக்குள்ளும் புகுவான். பத்தலேகலையை அன்று அவன் காண்பது அரிது. அவனே மாத்தளையில் இறங்கும்போது, காற்று மட்டும் பலமாக வீச, வெயில் காய்ந்துகொண்டிருப்பதைக் காணக்கூடும். அரைநாட் பயணத்தில் இரண்டு பருவங்களைக் கடக்கும் பேறு, பெரிய தேசங்களிலும் எளிதிற் கிடைப்பதன்று.

அப்படியாயின் சிறந்த காலம் எது? உலகில் வேறிடங்களிலுள்ளோர் இவ்வினாவுக்கு என்ன விடை கண்டிருக்கின்றனர் என்று பார்ப்பது பயன் தரும். மெக்சிக்கோ நாட்டிலே செப்புப் பள்ளத்தாக்கு எனப்படும் பெரும் மலைப்பிளவின் ஓரமாய்ச் செல்லும் இருப்புப்பாதை 1961 ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. அங்கே கோடைமழை ஓய்ந்ததும், பசுமை வாடுமுன்னர், அருவிகள் வற்றுமுன்னர்ச் செல்வதையே பலரும் விரும்புகின்றனர். தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் நீலகிரி மலை இரயில், வடகிழக்குப் பருவமழையின்போது மண்சரிவினால் அடிக்கடி நிறுத்தப்படுவதை அந்நாட்டார் அறிவர். இவற்றிலிருந்து கிடைக்கும் பொதுவிதி ஒன்றே: மழைக்குள்ளும் போகாதே, மழையை மறந்த வறட்சிக்குள்ளும் போகாதே, மழை விட்ட சில கிழமைகளிற் போ.

அவ்விதியை மாத்தளைக்குப் பொருத்தினால், தைப்பொங்கல் கழிந்து பங்குனி முற்பகுதி வரை உள்ள காலம் வாய்க்கின்றது. பெரும்போக நெல் அப்போது பசுமையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். முள்முருக்கு இலையுதிர்த்துச் செம்பூக்களைச் சூடத் தொடங்கும். காலை வேளையில் தும்பறைச் சிகரங்கள் வெட்டி வைத்தாற் போலத் தெளிவாய்த் தெரியும். பங்குனி முதிர முதிர வெப்பத்தினால் மலைமேல் ஒரு மங்கல் படியும். சித்திரையிற் பிற்பகல் இடி தொடங்கிவிடும்.

நமது பழந்தமிழ் இலக்கணத்தார் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரும் முன்பனியும் உரியன என்றனர். ஐப்பசி முதல் தை வரை உள்ள நான்கு மாதங்கள் அவை. காதலர் இருளிலும் மழையிலும் இடர்ப்பட்டுச் சந்திப்பதைப் பாடுவதற்கு அப்பொழுது பொருத்தமே. குழந்தை குட்டிகளோடு புகையிரதத்திற் செல்லும் குடும்பத்தினர் பின்பனியைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை. மாசியும் பங்குனியுமாகிய அப்பொழுதை இலக்கணம் பாலைத் திணைக்கு வகுத்திருக்கின்றது. பாலை என்பது பிரிந்து செல்வோர் நடக்கும் கொடுவழி.

அக்கொடுவழி மாத்தளைக்குப் புதியதன்று. புகையிரதம் வருமுன்னர், தமிழகத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னாரில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியே தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். எந்த மாதத்தில் நடப்பது என்று தெரிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. காப்பிப்பழம் பறிக்க ஆள் வேண்டிய காலமும், ஊரிலே சோறு இல்லாத காலமுமே அவர்களுடைய பருவத்தை நிர்ணயித்தன. 1876 ஆம் ஆண்டிலே தொடங்கிய தாது வருடப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தோர் பல்லாயிரவர். மழைக்காலத்தில் வந்தவரைக் காய்ச்சலும், வறண்ட காலத்தில் வந்தவரைத் தண்ணீரின்மையும், எக்காலத்தும் வாந்திபேதியும் வழியிலே மாய்த்தன. மாத்தளையை எட்டியவர்க்கே மலை தெரிந்தது.

அம்மலையை அவர்கள் எக்கண்ணாற் பார்த்திருப்பர் என்பதை, யன்னலோரம் இருந்து வியக்கும் நாம் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். காப்பியின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1869 ஆம் ஆண்டில் இத்தீவிலே கண்டறியப்பட்ட இலைநோய், மாத்தளைக்குப் புகையிரதம் வந்த காலத்தில் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. காப்பியை ஏற்றவென வந்த பாதை, காப்பியின் முடிவையே கண்டது. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. 1914 ஆம் ஆண்டிலே தலைமன்னார் வரை இருப்புப்பாதை அமைந்து, கப்பலும் புகையிரதமுமாகத் தொடர்பு ஏற்பட்டது. காட்டுவழி நடை பழங்கதையாயிற்று.

பழங்கதையாகாத ஒன்று மழை. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் நாடெங்கும் 600 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை ஆகிய மாவட்டங்களில் மலைகள் சரிந்து வீடுகளை மூடின. மலைநாட்டு இருப்புப்பாதையும் பல இடங்களில் அறுந்தது. மூதாதையர் நடந்து வந்து சேர்ந்த அதே சரிவுகளில், லயன் வரிசைகளில் வாழ்வோர்க்குக் கார்த்திகை மாதத்தை விலக்கிவைக்கும் வசதி இன்றும் இல்லை. நாம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியைத் தவிர்க்கச் சொல்வது காட்சி மறையும் என்பதற்காக மட்டுமன்று. மண் நெகிழ்ந்திருக்கும் நாட்களில் உல்லாசத்துக்காக அங்கே செல்வது, ஆபத்தை நாமே தேடுவதாகும். மீட்புப் பணியில் உள்ளோர்க்கு மேலும் ஒரு சுமையாவதுமாகும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில், வாங்கிய பயணச்சீட்டை மறந்துவிடுவதே நன்று.

பிள்ளைகளின் விடுமுறையோ வழமையாகச் சித்திரையிலும் ஆவணியை ஒட்டியும் மார்கழியிலும் வருகின்றது. மாசியில் எவ்வாறு போவது என்று பெற்றோர் கேட்பர். அதற்கும் வழியுண்டு. சுதந்திர தினமாகிய பெப்ரவரி 4 விடுமுறை நாள். மகாசிவராத்திரியும் விடுமுறை, விரதம் உள்ளோர் அதனை விட்டுவிடலாம். மாசிப் பௌர்ணமிப் போயா தினமும் விடுமுறையே. மாசி மகம் பெரும்பாலும் அப்பௌர்ணமியை ஒட்டி வருவது. அக்காலத்திலே மாத்தளை முத்துமாரியம்மன் ஐந்து தேர்களில் வீதியுலா வரும் பெருவிழா நடைபெறுகின்றது. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்திற் சேதமுற்றுப் பின்னர் புதுப்பொலிவு பெற்ற ஆலயம் அது. மாரி என்னும் சொல்லுக்கு மழை என்பது பொருள். மழை விட்ட மாதத்தில் மாரியின் தேர் ஓடும் ஊருக்குப் போவதைவிடப் பொருத்தமான பயணம் வேறென்ன இருக்கின்றது?

நீண்ட விடுமுறையிலேதான் போகவேண்டும் என்போர், மூன்றிலும் ஆகஸ்ட் மாதத்தையே தெரிவு செய்க. கடுகண்ணாவையில் மழை பெய்தாலும் மாத்தளைப் பக்கம் பெரும்பாலும் வாய்ப்பாக இருக்கும். கண்டிப் பெரஹராவை ஒட்டிய நாட்களில் மட்டும் வண்டியில் நிற்கவும் இடமிராது. சித்திரைப் புத்தாண்டுக் கிழமையும் அத்தகையதே.

இறுதியாகச் சில குறிப்புகள். காலை வண்டியே சிறந்தது. பிற்பகலில் முகில் மலையை மூடிவிடும். கண்டியிலிருந்து போகும்போது வலப்பக்கமும், திரும்பும்போது இடப்பக்கமும் அமர்ந்தால் தும்பறை மலை கண்ணுக்கு எட்டும். புயலுக்குப் பின்னர் மலைநாட்டுச் சேவைகள் மாற்றங்களுக்கு உள்ளாகியிருப்பதால், வண்டி எப்போது, எதுவரை ஓடுகின்றது என்பதை நிலையத்தில் விசாரித்த பின்னரே புறப்படுதல் வேண்டும். வாயிற்படியிலே தொங்கிப் படம் எடுக்கும் புதுவழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாய் விலக்குக. மாத்தளையில் இறங்கியதும் திரும்பு வண்டிக்கு ஓடாமல், திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடமெனப் போற்றப்படும் அலுவிகாரையையும் கண்டு வருக. நகருக்கு வடக்கே இரண்டு மைல் அளவில் உள்ளது அது. அங்கே செல்லும் வீதி மேலும் வடக்கே நாலந்தைக்கும் தம்புள்ளைக்கும் போகின்றது. நமது முன்னோர் எதிர்த்திசையிலே நடந்து வந்த வழி அதுவே.