கேட்டால்தானே தெரியும்

தோட்டப் பாடசாலைக்கு ஒரே வேனில் போய்வரும் நாங்கள் மூன்று ஆசிரியர்கள். இந்த லீவில் இரண்டு படம் பார்த்தோம். இரண்டுமே எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கும் இருவரின் காதல்.

முதலாவது 2013இல் வந்த இத்தாலியப் படம், மார்க்கோ பொன்டி இயக்கிய ‘பஸ்ஸியோனே சினிஸ்த்ரா’. நீனா இடதுசாரி. ஜூலியோ பணக்கார வீட்டுப் பிள்ளை, வலதுசாரி. கண்டாலே சண்டை. அந்தச் சண்டை முற்றிக் காதலாகிறது. சிரித்துக்கொண்டே பார்த்தோம்.

நம்ம தோட்டங்களிலும் இந்தக் கூத்து உண்டு. 1965இல் வெள்ளையன் இ.தொ.கா.வை விட்டு வந்து தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் ஒரு சங்கம், பக்கத்துக் காம்பராவில் இன்னொன்று. தேர்தல் வந்தால் முகம் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் பொண்ணு கொடுத்து எடுக்கிறார்கள். சந்தாவை எந்தச் சங்கத்துக்கு வெட்டுவது என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு பேசிக்கொள்வார்கள். கட்சிப் பிளவு அவ்வளவுதான், சிரித்துக் கடந்துவிடலாம்.

இரண்டாவது பிரசன்ன விதானகேயின் ‘ஒப நத்துவ ஒப எக்க’ (2012). மலைநாட்டில் அடகுக்கடை வைத்திருக்கும் சரத்சிறி, நகை அடகு வைக்க வரும் செல்வியைக் கல்யாணம் முடிக்கிறார். அவள் யுத்தத்தால் வடக்கிலிருந்து வந்தவள். அவர் முன்பு இராணுவத்தில் இருந்தவர். அதை அவர் சொல்லவில்லை. பழைய சிநேகிதன் ஒருவன் வீடு தேடி வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. மிச்சக் கதையை நீங்களே பாருங்கள். அவர் சிங்களவர் என்று தெரிந்துதான் அவள் கழுத்தை நீட்டினாள். வீட்டை உடைத்தது இனம் இல்லை, மறைத்து வைத்த பேச்சு.

2014இல் சென்னையில் இந்தப் படம் மிரட்டல்களால் நிறுத்தப்பட்டது. அங்கேயும் பேச்சுக்கு முன்பே கதவு மூடப்பட்டது.

எங்கள் சப்பிரகமுவையில் இது தூரத்துக் கதை இல்லை. அப்பா சிங்களம், அம்மா தமிழ் என்று எங்கள் வகுப்புகளிலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் ஓடியவர்களின் சொந்தங்களும் இங்கேதான் இருக்கின்றன. ஒருநாள் பாடத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “டீச்சர், எங்க அம்மாயிய வெரட்டுனவங்க அப்பாவோட ஊர்க்காரங்களா?”

வகுப்பே அடங்கிப்போனது. வீட்டில் இரண்டு பேரிடமும் கேட்கச் சொன்னோம்.

மறுநாள் அம்மா வந்தார். “கல்யாணம் கட்டுன நாள்லயிருந்து பேசாத பேச்ச நேத்து ராத்திரி பேசினோம் டீச்சர்” என்றார். நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்.

முஸ்லிம் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இது புரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, கூட இருந்து தேத்தண்ணி குடித்தவர்கள் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. தங்களுக்குள்தான் பேசிக்கொண்டார்கள். ஒரேயொருவர் மட்டும் நேரே வந்து, “இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வலித்தது. ஆனால் இன்றுவரை பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவரும் அவர்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பேசாத பேச்சு ஒன்று இருக்கும். பிள்ளைகள் வெளியில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், நீங்களே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.