பாலையில் ஒரு வெண்குடை

ஐந்திணைகளுள் பாலையை ஏட்டில் மட்டுமே அறிந்திருந்த எங்கள் இருவருக்கும், வாழ்வின் பிற்பகுதியை ஜோத்பூரில் கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் மழையே பெறும் ஊர் அது. பணி ஓய்வுக்குப் பின் அங்கே காளான் வளர்க்கப் போகிறோம் என்றபோது நண்பர்கள் நகைத்தனர். முதல் ஆண்டில் அந்நகைப்பே மெய்யாயிற்று.

பங்குனியில் சிப்பிக் காளான் வித்தை வாங்கி, கோதுமை வைக்கோலை வேகவைத்து ஆறவிட்டுப் பைகளில் அடைத்தோம். மொட்டுகள் அரும்பிய வேளையில் 'லூ' என்னும் அனற்காற்று தொடங்கிற்று. காளான் அறைக்கு 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரப்பதம் வேண்டும் என்று படித்திருந்தமையால், சாக்குப் படுதாக்களின் மீதும் தரையிலும் குடம் குடமாக நீரை இறைத்தோம். ஒரு நாள் விட்டு ஒரு நாளே குழாயில் நீர் வரும் தெரு அது. ஒரு மாலை, அடுத்த வீட்டு மூதாட்டி வெறுங்குடத்துடன் வந்து நின்றார். அவருக்கு அரைக்குடம் நீர் ஈயவும் எங்களிடம் இல்லை. நனைந்த சாக்குகளை நோக்கியவர், "தண்ணீரைக் காற்றுக்கா குடிக்கக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டுத் திரும்பினார். காளான்களோ விளிம்பு வறண்டு தோலாய்ச் சுருங்கின. அந்த நாணம் இன்றும் எங்களை விட்டு அகலவில்லை.

ஆடியில் மழை பெய்தபின், அவரே 'கும்பி' என்னும் காட்டுக் காளானைக் கறி சமைத்து எடுத்து வந்தார். "இது எங்கள் மணலில் தானாக எழுவது, மழை வரும்வரை உள்ளே காத்திருக்கும்" என்றார். அச்சொல் எங்கள் கண்ணைத் திறந்தது. காளானுக்காகப் பருவத்தை வளைக்க முயன்றோமேயன்றி, பருவத்திற்கு உகந்த காளானை நாங்கள் தேடவில்லை.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட பால் காளான் வகையாகிய 'ஏ.பி.கே. 2', முப்பது முதல் முப்பத்தைந்து டிகிரி வெப்பத்திலும் செழிப்பது. மறு ஆண்டு ஆனியில் அதன் வித்தை இட்டோம். வித்து வைக்கோலில் பரவும் இருபது நாளும் பை மூடியே இருப்பதால் நீர் தெளிக்க வேண்டுவதில்லை. பின்னர்ப் பையை இரண்டாக வெட்டி, வேகவைத்த மண்ணை இரண்டு சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பினோம். காற்றில் ஈரம் தானே ஏறும் ஆடியில் மொட்டு விடுமாறு நாள் கணக்கிட்டிருந்தோம்.

அறையையும் மாற்றினோம். காய்கறிகளைக் காக்கப் பூசா வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார் வகுத்த முறையைப் பின்பற்றி, இரட்டைச் செங்கற்சுவர் எழுப்பி இடையே மணல் நிரப்பினோம். நனைந்த மணலின் நீர் மெல்ல ஆவியாகி உள்ளிடத்தைக் குளிர்வித்தது. வைக்கோல் ஊறிய நீர் மூதாட்டியின் வேம்புக்குச் சென்றது. விளைந்து ஓய்ந்த வைக்கோல் மக்கி எருவாயிற்று.

முதல் விளைச்சலைத் தட்டில் ஏந்தி அவர் வாசலுக்குச் சென்றோம். பால்வெண் குடைகளை அவர் உடனே பெற்றுக்கொள்ளவில்லை.

"நாளைக்கு எத்தனை குடம்?" என்று வினவினார்.

"ஒரே குடம், மாஜி, அதுவும் காய்கறி கழுவிய நீர்" என்றோம்.

அதன் பின்னரே தட்டை வாங்கிக்கொண்டார்.