அக்கா, நான், நாசிக் திராட்சை

தமிழ்நாட்டில் "ஒயின்" என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறங்க. 2003-ல் டாஸ்மாக் சில்லறை வியாபாரத்தை எடுத்துக்கொள்ளும் வரை தனியார் கடைகளின் போர்டில் "ஒயின்ஸ்" என்று எழுதியிருக்குமாம். உள்ளே விற்றது முக்கால்வாசி பிராந்தி. போர்டு போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு, பேர் மட்டும் போகவில்லை. செஞ்சிப் பக்கம் எங்க தளவானூரில் இன்னைக்கும் ஒருத்தர் "ஒயின்சாப்பு" என்றால் கேட்பவர் மனசில் திராட்சை வராது. குவார்ட்டர் பாட்டில்தான் வரும்.

அதனால்தான் அக்கா போனில், "இந்தப் பொங்கலுக்கு எனக்கு லீவு இல்ல பாப்பா, நீ இங்க வந்துடு. பம்பாய் பாத்துட்டு நாசிக்ல ஒயின் தோட்டம் போலாம்" என்று சொன்னதும் விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

அக்கா என்னைவிட ஏழு வயசு பெரியவள். மும்பையில் ஒரு வங்கியில் வேலை. என் பி.காம். பீஸ் அவள் சம்பளத்தில்தான் போகிறது. பத்து வயசில் ராத்திரி எட்டு மணிக்குக் கடை வாசலில் போய் நின்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவள்தான். எனக்கு விவரம் தெரிவதற்குள் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து குடியை விட்டுவிட்டார். எனக்குத் தெரிந்த அப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு ஒன்பது மணிக்குத் தூங்கிப் போகும் மனுஷன். அக்காவுக்குத் தெரிந்தவர் வேறு ஆள். அவள் போன் பண்ணினால் அம்மாவிடம் மட்டும்தான் பேசுவாள்.

"ஏன்க்கா ஒயின் தோட்டம்?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல எல்லாரும் சனி ஞாயிறுல போய்ட்டு வராங்க. போட்டோ காட்டறாங்க. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே திரும்பி வர்ற ஒயின் கடை எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துடணும் பாப்பா."

இதுக்கு மேல் என்ன கேட்பது. விழுப்புரத்தில் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் ஏறினேன். புதுச்சேரியிலிருந்து தாதர் போகும் வண்டி. ஒன்றரை நாள். புளிசாதம் மறுநாள் மத்தியானம் வரை தாங்கியது.

மும்பையைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டதால் மூணே விஷயம் சொல்கிறேன். ஒண்ணு, கடல். நமக்குக் கடல் என்றால் புதுச்சேரி, மரக்காணம். சூரியன் தண்ணியிலிருந்து மேலே வரும். மெரின் டிரைவில் அது தண்ணிக்குள் இறங்குகிறது. படத்தைத் திருப்பி ஓட்டின மாதிரி இருந்தது. இரண்டாவது, லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டி. கீரை ஆய்கிறார்கள், தூங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள். பெண்களுக்கென்றே முழு ரயில் 1992-லேயே சர்ச்கேட்டிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டதாம். மூணாவது, தாராவிப் பொங்கல். தெருவோரம் வரிசையாக அடுப்பு, வரிசையாகப் பானை. எங்க ஊரில்கூட இவ்வளவு பானையை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே, "ஊர ஞாபகம் வர்றப்ப எல்லாம் இங்க வந்துடுவேன்" என்றாள். இரண்டு வருஷமாக அவள் இங்கே தனியாக இருக்கிறாள் என்பது எனக்கு அப்பதான் உறைத்தது.

நாசிக் அங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டர். விடிகாலை தபோவன் எக்ஸ்பிரஸ். கசாராவில் வண்டியின் பின்னால் கூடுதல் இன்ஜின் மாட்டி மலை ஏற்றுகிறார்கள். இகத்புரி தாண்டினால் பீடபூமி, குளிர்க்காற்று. நம்ம ஊர் மார்க்கெட்டில் "நாசிக் வெங்காயம்" என்று கூவுவார்களே, அந்த ஊர்தான். லாசல்காவ் வெங்காய மண்டி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆட்டோக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சென்னைக்குப் பக்கம் என்று வழக்கம்போல் அக்கா ஆரம்பிக்க, நான் குறுக்கே விழுந்து "செஞ்சி" என்றேன். முழித்தார். "ஜிஞ்ஜி" என்றதும் வண்டியை ஓரம் கட்டாத குறை! "ராஜாராம் மகாராஜ்!" என்றார். சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் மொகலாயர் முற்றுகையைத் தாங்கி 1698 வரை அங்கிருந்துதான் மராத்திய ராஜ்ஜியத்தை நடத்தினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பதினொன்று மகாராஷ்டிராவில், ஒண்ணே ஒண்ணு நம்ம செஞ்சி. நாசிக் மாவட்டத்து சால்ஹேரும் அதில் உண்டு. என் வகுப்பிலேயே பாதிப்பேருக்கு செஞ்சி எந்தப் பக்கம் என்று தெரியாது. இங்கே ஒரு ஆட்டோக்காரர் எங்க ஊருக்காக இருபது ரூபாய் குறைத்து வாங்கினார் :)

தோட்டத்துக்கு வருவோம். கங்காப்பூர் அணை பக்கம், சூலா நிறுவனத்துத் தோட்டம். அமெரிக்காவில் ஆரக்கிளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சாமந்த் 1999-ல் தொடங்கியது. நாசிக்கில் அதுவரை சாப்பிடும் திராட்சைதான் பேர் போனது. 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச்சலுகை கொடுத்ததும் ஆலைகள் பெருகின. காமர்ஸ் மக்களுக்கு ஒரு துணுக்கு: சூலா 2022 டிசம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தபோது வெளியிட்டது முழுக்க முழுக்க பழைய பங்குதாரர்கள் விற்ற பங்குகள். கம்பெனிக்குப் புதுப் பணம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. "ஆஃபர் ஃபார் சேல்" என்று பாடத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

ஒயின் திராட்சை சின்னது, தோல் தடிமன், உள்ளே விதை. சாப்பிட லாயக்கில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை கவாத்து. ஏப்ரலில் ஒண்ணு, மழை முடிகிற சமயம் ஒண்ணு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. சாறு மட்டும் நொதித்தால் வெள்ளை ஒயின், தோலோடு சேர்ந்து நொதித்தால் சிவப்பு. சுற்றியுள்ள விவசாயிகளிடம் நீண்ட கால ஒப்பந்தம் போட்டு பழம் வாங்குகிறார்கள். விலை முன்கூட்டியே தெரியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மணிலா போட்ட வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு நீள மேசை. கிளாஸில் கொஞ்சூண்டு ஊற்றி, சுழற்று, முகர்ந்து பார், அப்புறம் குடி என்றார்கள். மகாராஷ்டிராவில் ஒயினுக்கு வயது 21. எனக்கு ஆகிவிட்டது, ஆனாலும் நான் தொடவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுழற்றவில்லை. கிளாஸை மூக்குக்கிட்ட கொண்டுபோய் ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அப்புறம் மெதுவாக, "இந்த வாசனை இல்ல பாப்பா" என்றாள்.

ஒரு வாய் குடித்தாள். "புளிக்குது" என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

இதை வைத்து ஒயின் நல்லது, பிராந்தி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒயினில் சாராயம் சுமார் 13 சதவீதம், நம்ம பிராந்தியில் 42.8. ஆனால் வித்தியாசம் சதவீதத்தில் மட்டும் இல்லை. அந்த மேசைக்கு ஒரு ஆள் கட்டிய காசு எங்க ஊரில் களை எடுக்கும் பொம்பளைகளின் இரண்டு மூன்று நாள் கூலி. அங்கே யாரும் அரிசி வாங்க வைத்த காசில் வந்து நிற்கவில்லை. அப்படி நிற்பவர்களுக்கு மகாராஷ்டிராவிலும் "தேசி தாரு" கடை தனியாக இருக்கிறது. அந்த ஊர்ப் பெண்களுக்குச் சட்டம் கொடுத்த ஒரு வழியும் இருக்கிறது. கடை வேண்டாமென்று போதுமான பெண்கள் மனு கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு. சீட்டில் இரண்டு படம்: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். ஊரில் உள்ள பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடையை மூட வேண்டும். இங்கே 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த வரவுக்கு எதிர்ப்பக்கம் பற்று என்று ஒரு பக்கம் உண்டே, அதை எந்த பட்ஜெட்டிலும் போடுவதில்லை. எட்டு மணிக்குக் கடை வாசலில் நின்ற பத்து வயசுப் பிள்ளையை எந்தத் தலைப்பில் எழுதுவது?

சாயங்காலம் கோதாவரிக் கரையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா போன். "நாசிக்ல என்ன பாத்தீங்க?" "திராட்சைத் தோட்டம்மா." பொய் இல்லையே! அப்பா பக்கத்திலிருந்து என்னமோ கேட்பது காதில் விழுந்தது. அக்கா சட்டென்று, "போனை அப்பாகிட்ட குடும்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அப்பாவுக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை போல. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தோட்டத்துக்குத் தண்ணி எப்படிம்மா வுடறாங்க?" என்றார்.

எங்க வீட்டில் "தண்ணி" என்ற வார்த்தையை அக்காவிடம் அப்பா சொல்லி எத்தனை வருஷம் ஆச்சோ. அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "சொட்டு நீர்ப்பா, சொட்டு சொட்டா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணி. அப்புறம் கொடிக்குக் கொடி எவ்வளவு இடைவெளி, என்ன உரம் என்று பத்து நிமிஷம் பேசினார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி, பிப்ரவரியில் போங்க, கொடியில் பழம் இருக்கும். ஜனவரி 26 மகாராஷ்டிராவில் மது விற்காத நாள். ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். வரும்போது உலர் திராட்சை வாங்குங்க, ஒரு கிலோவில் வீட்டுக்கு ஒரு மாசப் பாயசம்.

நம்ம ஊரிலும் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அடுத்த லீவுக்கு அங்கே போகலாம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அக்கா ரயில் ஏற்றிவிடும்போது கேட்டாள். நான் பதில்கூட சொல்லவில்லை, உடனே மொபைலில் டிக்கெட் எப்ப ஓப்பன் ஆகும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.