உறைக்கு ஊற்றியது

பொய் சொன்னது நான்தான். எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண் எதையும் மறைக்கவில்லை. முதலில் இதை எழுதிவிட வேண்டும். ஏனென்றால் பழி மாதக்கணக்கில் அவர் தலையில் கிடந்தது. அதை அங்கே கொண்டுபோய் வைத்ததும் நான்தான்.

வட இத்தாலியில் உள்ள பார்மா நகரத்துக்குப் பெரியம்மாவையும் அக்காவையும் அத்தானையும் கூட்டிப் போனேன். சாப்பாட்டுக்குப் பேர்போன பழைய ஊர். பார்மிஜானோ பாலாடைக்கட்டியும், உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையும் அந்த வட்டாரத்துச் சரக்கு. 2015-இல் யுனெஸ்கோ அதை உணவுக்கலை நகரமாக அறிவித்தது. சைவக் குடும்பத்தை அங்கேயா அழைத்துப் போகிறாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். பன்றிக்கறியைத் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் பாலும் மாவும் கீரையும்தான் என்று அடித்துப் பேசினேன். அந்த ஊரைப் பற்றி நிறையப் படித்து வைத்திருந்தேன். படித்ததைச் சொல்லிக் காட்ட எனக்கு ஆள் வேண்டியிருந்தது. பெரியம்மாவுக்கு ஊர் காட்ட வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகுதான்.

வழிகாட்டி அந்த ஊர்க்காரர். உரிமம் பெற்றவர். நாங்கள் கிளம்பும் முன்பே மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பார்மிஜானோவுக்குப் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள், சட்டப்படி வேறெதையும் சேர்க்க முடியாது, இந்தியாவிலிருந்து வரும் சைவர்கள் சிலர் அதைத் தொடமாட்டார்கள், உங்கள் வீட்டாரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். வேண்டாமென்றால் அன்றைய நாளை வேறு மாதிரி அமைக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். நான் யாரிடமும் கேட்கவில்லை. பிரச்சினை இல்லை என்று பதில் போட்டேன்.

பாலாடைக்கட்டி ஆலைக்கு விடியற்காலையிலேயே போக வேண்டும். முந்தின நாள் மாலைப் பாலை இரவு முழுக்க ஆறவிட்டு, மேலே திரளும் ஆடையை எடுத்துவிட்டு, காலைப் பாலோடு கலந்து பெரிய செப்புக் கொப்பரைகளில் ஊற்றுகிறார்கள். கொப்பரைகள் கவிழ்த்த மணி போல இருக்கும். அதில் முந்தின நாள் வடித்த, புளித்த பால்தெளிவு கொஞ்சம் சேரும். பிறகு உறைபொருள். பத்து நிமிடத்துக்குள் பால் கட்டிப்பட்டுவிடுகிறது. கம்பி உருண்டை கட்டிய நீளமான கோலால் ஒருவர் அதை உடைத்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது கையை உள்ளே விட்டுக் குருணையை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். பெரியம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா மாடு வளர்த்தவர். கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சுவதைத்தான் கறப்பார். பால் போதாத நாளில் கடையில் வாங்குவாரே தவிர, கன்றை ஒருநாளும் இழுத்துக் கட்டியதில்லை. அக்காவும் அத்தானும் கிடங்குப் பக்கம் போயிருந்தார்கள். என் முழங்கையைத் தொட்டு பெரியம்மா கேட்டார்.

"ஏம்ப்பா, உறைக்கு என்ன ஊத்துதாங்க?"

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். வழிகாட்டி நிதானமாக முழுப் பதிலும் சொன்னார். புளித்த பால்தெளிவைச் சொன்னார். பால்குடி மாறாத கன்றின் இரைப்பையைச் சொன்னார். அந்தக் கன்று இறைச்சிக்காக வெட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார். இந்த அம்மாவுக்கு அது தெரிய வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் பெரியம்மாவைப் பார்த்தார்.

நான் பெரியம்மா பக்கம் திரும்பினேன். "நேத்து வடிச்ச தெளிவுதான் பெரியம்மா. நாம மோர் ஊத்துற மாதிரிதான்."

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னது பொய்யில்லை என்று அன்றிரவு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய்தான். பாதியை நிறுத்திவைத்தால் மீதி பொய்யாகிவிடும் என்பது தெரிந்துதான் நிறுத்தினேன். வாய் தவறவில்லை. யோசிக்க நேரமில்லாமலும் இல்லை. பெரியம்மா முகம் மாறுவதைப் பார்க்க பயந்தேன். அதைவிட, இவ்வளவு படித்தவனுக்கு இது தெரியாதா என்று அத்தான் கேட்பாரே என்று பயந்தேன்.

பெரியம்மா திருப்தியாகத் தலையாட்டினார். அதன் பிறகு நான் இன்னும் உற்சாகமாகப் பேசினேன். ஒரு பாலாடைக்கட்டிச் சக்கரத்துக்கு ஐந்நூற்றைம்பது லிட்டர் பால் போகிறது, எடை ஏறக்குறைய 40 கிலோ, குறைந்தது 12 மாதம் அலமாரியில் இருக்க வேண்டும், பிறகு சோதனையாளர் சின்னச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டுப் பார்ப்பார், தேறாத சக்கரத்தின் தோலில் உள்ள முத்திரையைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். இதையெல்லாம் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன்.

மதியம் கீரையும் ரிக்கோட்டாவும் பொதிந்த தோர்தெல்லி. மேலே உருக்கிய வெண்ணெய், துருவிய பார்மிஜானோ. பெரியம்மா சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் கேட்டார். வழிகாட்டி என் பக்கம் குனிந்து, அம்மாவுக்குச் சொல்லிவிட்டீர்கள் அல்லவா என்றார். சொல்லிவிட்டேன், அவருக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். எனக்கு அவர் கொடுத்த கடைசி வாய்ப்பு அது.

பெரியம்மா ஊருக்குப் பார்மிஜானோ ஒரு துண்டு வாங்கி வந்தார். தெருவில் சைவம் சாப்பிடும் வீடுகளுக்கு நறுக்கிக் கொடுத்தார். அக்கா மகள்தான் உறையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சொன்னாள். பெரியம்மா முதலில் நம்பவில்லை. நம்பியபின், கொடுத்த வீடுகளுக்கெல்லாம் தானே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த வயதில், ஒவ்வொரு வாசலிலும் நின்று. ஒரு வீட்டில் அதன் பிறகு அவரோடு பேச்சு குறைந்துபோனது. நான் அப்போது சென்னையில் இருந்தேன். தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன்.

அத்தான் என்னிடம் கேட்டார்: "அந்தப் பொண்ணு நம்மகிட்ட இதைச் சொல்லவே இல்லையே?"

"இல்லை," என்றேன்.

அன்றே அவர் இணையத்தில் எழுதிவிட்டார். சைவர்களை ஏமாற்றி மாட்டுக் கன்றின் குடலைத் தின்னவைத்த வழிகாட்டி என்று எழுதினார். குடல் என்பதும் தப்பு, ஏமாற்றினார் என்பதும் தப்பு. படித்தேன். திருத்தச் சொல்லவில்லை. அந்த மாதிரி வழிகாட்டிகளுக்கு அடுத்த வேலை வருவதே முன்பு வந்தவர்கள் சொல்லும் நாலு வார்த்தையால்தான். அது தெரிந்தும் சும்மா இருந்தேன். பெரியம்மா அந்தப் பெண்ணைத் திட்டும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வழிகாட்டியிடமிருந்து கடிதம் வந்தது. கோபம் இல்லை. ஆலையில் நான் சொன்னதை நீங்கள் அவருக்குச் சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டிருந்தார். இந்தியப் பயணிகளை அனுப்பிவந்த ஒரு நிறுவனம் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது என்றும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகுதான் பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். தானாகச் சொல்லவில்லை. அகப்பட்ட பிறகு சொன்னேன்.

பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளையை என்னவெல்லாம் பேசிட்டேன்" என்றார். அத்தானைக் கூப்பிட்டு, எழுதியதை எடுக்கச் சொன்னார். எடுத்தார். நான் வழிகாட்டிக்கும் அந்த நிறுவனத்துக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினேன். வழிகாட்டி நன்றி என்று பதில் போட்டார். நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை. அவரை அவர்கள் மறுபடி கூப்பிட்டதாகவும் தெரியவில்லை.

பெரியம்மா இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறார், சாப்பிடுகிறார். ஒவ்வொரு பதார்த்தத்திலும் என்ன போட்டிருக்கிறது என்று என் மனைவியிடம் கேட்கிறார். சமைத்தது நானாக இருந்தாலும் அவளிடம்தான் கேட்கிறார்.