சுவருக்குள் ஓடும் கேபிள்

இரட்டைமாடி வரிசை வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பம், தரை ஓட்டின் நிறத்திற்காக மூன்று கடைகள் ஏறி இறங்கும். சமையலறை அலமாரிக்காக இரண்டு வாரம் யோசிக்கும். சுவருக்குள் போகும் ஈதர்நெட் கேபிளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எது மலிவோ அதைப் போடுங்கள்" என்று முடித்துவிடும். ஓடு பிடிக்காமல் போனால் அதன்மேல் விரிப்புப் போடலாம். குழாய் இல்லாமல் சுவரில் புதைத்த கேபிளை மாற்ற வேண்டுமானால் சுவரையே உடைக்க வேண்டும்.

வைஃபை இருக்கும்போது கேபிள் எதற்கு என்ற கேள்விக்கு 2020ஆம் ஆண்டே விடை சொன்னது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பெற்றோரின் வேலையும் பிள்ளைகளின் பாடமும் வீட்டுக்குள் வந்தன. ரவுட்டர் கீழ்த்தள வரவேற்பறையில்; மாணவர் மேல்தளத்துப் பின்னறையில். நடுவே செங்கல் சுவர்களும் கான்கிரீட் தளமும் நின்றன. பல வீடுகளில் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. வைஃபை அலை ஒவ்வொரு சுவரைக் கடக்கும்போதும் வலுவிழக்கும். பக்கத்து வீடுகளின் அலைகளோடும் இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கேபிளுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

ஈதர்நெட் முறையை 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் உருவாக்கத் தொடங்கினார். இன்றைய கேபிளின் உள்ளமைப்போ அதைவிட மிகப் பழையது. உறையை உரித்தால் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். தொலைபேசியோடு இணைத்துப் பேசப்படும் அலெக்சாண்டர் கிரகாம் பெல், இப்படி முறுக்கிய கம்பிக்கு 1881இலேயே காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்குகிறது. கருவி அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே படிப்பதால் இரைச்சல் கழிந்து போகிறது. அந்த முறுக்குதான் கேபிளின் உயிர்.

கடையில் கேட் 5ஈ, கேட் 6, கேட் 6ஏ எனப் பல வகைகள் கிடைக்கும். கேட் 5ஈ, 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். கேட் 6, ஏறத்தாழ 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டையும் தாங்கும். வரிசை வீட்டில் அவ்வளவு நீளம் அரிதாகவே தேவைப்படும். ஆகவே, புதிதாகக் கேபிள் இழுக்கும் வீட்டுக்குக் கேட் 6 போதுமானது. அதற்கு மேற்பட்ட எண்ணைக் காட்டி விற்பவரிடம் கொடுக்கும் பணத்தைக் கம்பியின் தரத்துக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

அந்தத் தரம் எதற்கு என்பது கண்காணிப்புக் கேமராவைப் பொருத்தும்போது விளங்கும். ஜொகூர் பாருவில் தாயார் தனியாக வசிக்கிறார். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், வாசற்கதவுக்கு மேலே உள்ள கேமராதான் மகனுக்குக் கண். இத்தகைய கேமரா பலவற்றிற்குத் தனி மின்கம்பி கிடையாது. படத்தை அனுப்பும் கேபிளிலேயே மின்சாரமும் வருகிறது. 2003இல் வகுத்த தர முறைப்படி ஓர் இணைப்பில் 15.4 வாட் வரை அனுப்பலாம். 2009இல் அது 30 வாட்டாக உயர்ந்தது.

மலிவான கேபிளின் குறை இங்கேதான் வெளிப்படும். அதன் கம்பி முழுச் செம்பு அன்று; அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு. அதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பகலில் கேமரா ஒழுங்காக வேலை செய்யும். இருட்டியதும் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், மின்தேவை கூடும். கேபிள் நீளமாகவும் கம்பி மெலிந்தும் இருந்தால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து கேமரா அணைந்துவிடக்கூடும். பிறகு தானே எழும். விளக்கு எரிந்ததும் மறுபடியும் அணையும். எந்த நேரத்துக்காக வாங்கினார்களோ அந்த நேரத்தில்தான் அது கண்ணை மூடும்!

"அம்மா, வாசல் விளக்கை அணைத்துவிட்டீர்களா?" என்று மகன் நள்ளிரவில் அழைப்பார்.

"விளக்கு எரிகிறதப்பா. நீதான் தூங்காமல் இருக்கிறாய்," என்பார் தாயார்.

ஏமாறாமல் வாங்குவது கடினமன்று. 305 மீட்டர் கொண்ட பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். அலுமினியம் எடை குறைந்தது. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால், செம்பு உள்ளேயும் சிவந்தே இருக்கும். வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தப் பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

நல்ல கேபிளையும் இழுக்கும் முறையால் கெடுத்துவிட முடியும். வலுக்கட்டாயமாக இழுத்தாலோ மூலையில் கூர்மையாக மடித்தாலோ உள்ளே முறுக்குக் குலையும். கேபிளின் தடிமனைப்போல் நான்கு மடங்கு ஆரமாவது இருக்கும்படி வளைக்க வேண்டும். 230 வோல்ட் மின்கம்பி செல்லும் குழாய்க்குள் இதை நுழைக்கவே கூடாது. அது இடத்தை மிச்சப்படுத்தும் வழியன்று, ஆபத்து. மின்கம்பியைக் கடந்தாக வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்க வேண்டும். மின்கம்பியை நகர்த்த நேர்ந்தால், உரிமம் பெற்ற வயர்மேனைத்தான் அழைக்க வேண்டும். முனையில் கம்பிகளைப் பொருத்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் எனத் தொடங்கும் நிற வரிசை இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வாசலுக்குச் செல்லும் பகுதி தனிக் கவனம் கேட்கும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளின் உறை வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்து, மழைநீருக்கு வழிவிடும். வெளியில் போடுவதற்கென்றே கறுப்புப் பாலிஎத்திலீன் உறை கொண்ட கேபிள் உண்டு. இன்னொன்று, இடி. அருகில் மின்னல் விழுந்தாலே நீண்ட செம்புக் கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்து, உள்ளே இருக்கும் கருவிகளைக் கெடுக்கலாம். ஆதலால், வீட்டுக்குள் நுழையுமிடத்தில் அதை நிலத்திற்குத் திருப்பிவிடும் காப்புக்கருவி ஒன்றைப் பொருத்துவார்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதனைக் கருவியின் எட்டு விளக்குகளும் வரிசையாக எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். சுவர் பூசிய பிறகன்று, பூசுவதற்கு முன்பே. குழாயின் வாயை மூடுமுன் அனுபவமுள்ள வேலையாள் உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைப்பார். பின்னாளில் மாடிக்கு இன்னொரு கேபிள் தேவைப்பட்டால், அதை அந்தக் கயிற்றின் நுனியில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.