தாஜ்மஹால் போய் சிவப்புப் பள்ளி வந்தது



"இந்த வயசிலயும் விளையாட்டுச் சாமானா?" வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் கேட்பது வழக்கம். அலுமாரிக்கு மேலே லெகோ தாஜ்மஹால் இருந்தது. 2017இல் வந்த பெட்டி, 5,923 துண்டுகள். வெளிநாட்டிலிருந்து சாச்சா பழையதாக வாங்கி வந்தது. கட்டி முடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பள்ளி விடுமுறை முழுக்கப் போனது.

2022இல் சம்பளம் பத்தவில்லை. விற்பது என்று முடிவெடுத்தோம். மின்வெட்டு இரவுகளில் மெழுகுதிரி வெளிச்சத்தில் கழற்றி, ஐஸ்கிறீம் டப்பாக்களில் நிறம் நிறமாகப் பிரித்து எண்ணினோம். மகனும் பக்கத்தில் இருந்து எண்ணினான். அந்தக் காசு வீட்டு வாடகைக்குப் போனது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பிறகு பழைய சாமான் கடைகளில் உதிரித் துண்டுகளைத் தேடிச் சேர்த்தோம். 1958இல் காப்புரிமை கோரிய வடிவம். அன்றைய துண்டு இன்றையதோடும் பொருந்தும். அதனால் எதுவும் வீணாகாது. சிவப்பும் வெள்ளையும் அதிகம் சேர்ந்தபோது மகன் கேட்டான்: "வாப்பா, புறக்கோட்டை சிவப்புப் பள்ளியைக் கட்டுவோமா?"

படம் பார்த்து வழிகாட்டப் புத்தகம் இல்லை. போய்ப் பார்த்துத்தான் கட்டுகிறோம். மினாராவுக்கு இன்னும் குறைகிறது. உங்கள் வீட்டில் சிவப்புத் துண்டுகள் சும்மா கிடந்தால் வீசிவிடாதீர்கள்.